காளான் வித்தும் கதிர்வீச்சும்

அறுவடை முடிந்ததும் படுவான்கரை வயல்களில் வைக்கோல் குவிந்து கிடப்பதைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சென்றவர்கள் கண்டிருப்பர். ஒரு பகுதி மாட்டுக்குப் போகும். எஞ்சியதிற் பெரும்பங்கு எரிக்கப்படும். அதே வைக்கோலிற் சிப்பிக் காளான் செழித்து வளரும். நம் நாட்டிற் காளான் செய்கைக்குப் பெரிதும் பயன்படும் றப்பர் மரத்தூளோ ஈரவலயத்திலிருந்து ஏற்றிவரப்பட வேண்டியது. எனவே இப்பகுதிக்கு வேண்டியது வைக்கோலையும் வெப்பத்தையும் தாங்கி விளையும் நல்ல வித்து.

அத்தகைய வித்தைப் பெறுவதற்கான வழிகளுள் ஒன்று கதிர்வீச்சு. இச்சொல்லைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் இயல்பானதே, ஆயினும் இங்கே பொருந்தாதது. காமாக் கதிரோ புறஊதாக் கதிரோ பட்ட உயிரணு கதிரியக்கமுடையதாக மாறிவிடுவதில்லை. அதன் மரபணுவிற் சில மாற்றங்கள் நிகழ்கின்றன, அவ்வளவே. நம் விவசாயத் திணைக்களம் 1971 இல் வெளியிட்ட எம்.ஐ.-273 என்னும் நெல்லினம், எச்-4 இனத்தின் மீது காமாக் கதிர் பாய்ச்சிப் பெறப்பட்டதே.

பூஞ்சண இனத்திலும் இது புதிதன்று. அமெரிக்காவின் பியோரியா நகரில் 1943 இல் அழுகிய முலாம்பழமொன்றிற் கண்டெடுக்கப்பட்ட பூஞ்சணத்தின் வழிவந்த இனத்தின் மீது எக்ஸ் கதிரும், பின்னர் புறஊதாக் கதிரும் பாய்ச்சியே பெனிசிலின் விளைச்சலைப் பன்மடங்காக்கினர். இன்று உலகெங்கும் கிடைக்கும் மருந்தின் பின்னணி அது.

காளானிற் காரியம் சற்றுச் சிக்கலானது. வளரும் காளான் இழையின் ஒவ்வோர் அணுவிலும் இரு கருக்கள் உள்ளன. ஒன்றில் ஏற்படும் விகாரத்தை மற்றது மறைத்துவிடக்கூடும். ஆதலால் ஒற்றை மரபணுத் தொகுதியைக் கொண்ட வித்திகளின் மீது, அல்லது அணுச்சுவர் நீக்கப்பட்ட அணுக்களின் மீது கதிரைப் பாய்ச்சுகின்றனர். பெரும்பாலானவை மடியும். தப்பியவற்றிலும் பல நலிந்தவையே. அவற்றுள் நல்லதொன்றைத் தேடி நூற்றுக்கணக்கான வளர்ப்புகளைச் சோதித்து, பின்னர் பல தலைமுறைகளுக்கு அக்குணம் நிலைக்கின்றதா என்றும் பார்த்தாக வேண்டும். புறஊதா விளக்கு மலிவானது. விலை கூடியது இந்தப் பொறுமைதான்.

சீனாவிலும் கொரியாவிலும் கனோடெர்மா போன்ற மருத்துவக் காளான்களில் பல்சக்கரைட்டு முதலிய சேர்வைகளைப் பெருக்க இம்முறை கையாளப்படுகின்றது. ஆனால் 'மருத்துவக் காளான்' என்ற பெயரில் நம் ஊர்களுக்கு வரும் மாத்திரைகளைக் குறித்து எச்சரிக்கை தேவை. ஜப்பானில் அங்கீகரிக்கப்பட்ட காளான் சாறொன்று கூடப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. சிகிச்சைக்கு மாற்றாக அன்று. நோயாளியொருவர் வைத்தியசாலையைக் கைவிட்டுப் பொடியை நம்பினால், அதைத் தந்த காளான் எவ்வளவு திருத்தப்பட்ட இனமாயினும் பயனில்லை.

வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது. வெப்பந் தாங்கும் சிப்பிக் காளான் வித்தைத் தேர்ந்தெடுக்கும் பணியை அங்கு ஆண்டுக்கணக்கிற் கைவிடாது நடத்த நிதி ஒதுக்கப்படல் வேண்டும் என்பது நம் கருத்து. மருத்துவக் காளான் பின்னர் வரலாம். அதற்கு முன், இன்று கைவசமுள்ள சாதாரண வித்தாவது தூய்மை கெடாமல், உரிய காலத்தில், படுவான்கரைப் பெண்களின் கைக்குக் கிடைக்கச் செய்யப்பட வேண்டும். அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்திருக்கும் வாரங்களில் வராத வித்து அடுத்த போகம் வரை உதவாது.