முதுசக் கருவிகளும் கறள் நீக்கமும்

முதுசம் என்றதும் காணியும் நகையுமே நம்மவர் நினைவிற்கு வருவன. பாட்டனார் கைப்பட்டுத் தேய்ந்த உளி, சீவுளி, கோடரி, அலவாங்கு, பாக்குவெட்டி முதலியனவும் முதுசமே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த காலை, சுமந்து செல்ல இயலாத கருவிகள் வீடுகளிலேயே விடப்பட்டன. எஞ்சியவை பின்னர்க் கறளேறிய நிலையிலேயே உரியவர் கைக்கு வந்தன. இத்தகையவற்றைப் பழைய இரும்பு வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுக்குமுன், மீட்கும் வழியை அறிதல் நன்று.

கறள் என்பது யாது? இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடியவிடத்துத் தோன்றும் நீரேறிய இரும்பொட்சைட்டே அது. உப்பு இச்செயலை விரைவுபடுத்தும். ஆதலின் கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் இரும்பு விரைவிற் பழுதுறுகின்றது. செம்பிற் படியும் களிம்பு கீழுள்ள உலோகத்தை ஓரளவு காக்கும். கறளோ, தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தை அடைத்துப் பொருக்காகி உதிர்ந்து, புதிய இரும்பை மேலும் வெளிப்படுத்தும். தில்லி இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு, அவ்விரும்பில் மிகுந்துள்ள பொசுபரசின் துணையால் உண்டான காப்புப் படலம் முக்கிய காரணமாகும். நம் கருவிகளுக்கு அப்பேறு இல்லை.

மேலோடிய கறளுக்கு மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டுக் கம்பித் தூரிகையாலும் நுண்ணிய அரத்தாளாலும் தேய்த்தலே போதும். ஆழ்ந்த கறளுக்கு மென்னமிலம் உதவும். புளி, தேசிக்காய், வினாகிரி ஆகியவற்றின் புளிப்புக்குக் காரணமான அமிலங்கள் கறளைக் கரைக்கும் இயல்பின. பிடியைக் கழற்றிவிட்டுக் கருவியை வினாகிரியில் அமிழ்த்தி, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். கறள் தீர்ந்தபின் அமிலம் நல்லிரும்பையும் அரிக்கும் என்பதை மறத்தலாகாது.

மின்பகுப்பு முறை இதனினும் நுட்பமானது. 5 இலீற்றர் நீரிற் சலவைச்சோடா ஒரு மேசைக்கரண்டியளவு கரைத்து, 12 உவோற்று மின்கல மின்னேற்றியின் எதிர்முனையைக் கருவியிலும், நேர்முனையைப் பயனற்றதோர் இரும்புத் துண்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாவண்ணம் அமிழ்த்துக. கருவியில் எழும் ஐதரசன் குமிழிகள் கறளை இளக்கும். அவ்வாயு தீப்பற்றுமாதலின் காற்றோட்டமான இடத்திற் செய்க. நேர்முனையிற் கறையில் உருக்கைப் பயன்படுத்தின் நச்சுக் குரோமியச் சேர்வை உண்டாகும், அது விலக்கத்தக்கது. சலவைச்சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பு இடுதலும் ஆகாது. நச்சுவாயுவான குளோரீன் பிறக்கும். கருவியைத் தொடுமுன் மின்னை நிறுத்துக.

இனி, எவ்வளவு நீக்குவது என்பதே சிந்தித்தற்குரியது. அரிப்புண்ட இரும்பு எம்முறையாலும் மீண்டு வாராது. கருவியைப் புதியதுபோல் மினுக்கும் ஆசையால் அரைக்குஞ் சில்லிற் பிடிப்போர், கொல்லன் இட்ட குறியையும் கூர்முனையின் பதத்தையும் ஒருங்கே இழப்பர். மிகுந்த சூடு உருக்கின் வன்மையைக் கெடுக்கும். செந்நிறப் பொருக்கு நீங்கியபின் எஞ்சும் கருநிறப் படலம் தீங்கற்றது. அதனை விட்டுவைத்தலே அறிவுடைமை. வேலைக்கு வேண்டிய விளிம்பு மட்டும் தீட்டப்படுக.

கழுவிய இரும்பு ஈரத்தோடிருப்பின் சில நிமிடங்களிலேயே மீண்டும் கறளேறத் தொடங்கும். ஆகவே அமிலத்தில் இட்டதைச் சோடா நீரில் அலசி, துடைத்து, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுக. பாக்குவெட்டிக்குத் தேங்காயெண்ணெயும், ஏனையவற்றுக்கு இயந்திர எண்ணெயும் ஏற்றன.

ஆயுதபூசைக்குக் கருவிகளைத் துடைத்து வைக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. அந்நாள் மாரிமழை தொடங்குங் காலத்தை அடுத்தே வருகின்றது. பொட்டிடுவதோடு அமையாது, அன்று எண்ணெயும் பூசி வைப்போமாயின், முன்னோர் கைக்கருவி அடுத்த தலைமுறையின் கைக்கும் உழைக்கும்.