கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது? – இரு படங்களை இம்மி பிசகாமல் பொருத்தும் கணினிக் கணக்கு

மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஷாதிபூரில் என் வீட்டுக் கூடத்தில், என் சொந்தக் குடும்பத்துக்குள் நடந்த ஒரு வழக்கையே எழுதலாம் என்று தோன்றியது. பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்துகிற வாடை கொஞ்சம் அடித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் பூமி ஆடியதை இத்தீவில் இருந்த யாரும் மறக்க முடியாது. சுமத்ராவில் தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பாறை பிளந்தது. அடுத்து வந்த அலையைப் பற்றி உலகமே பேசியது. வெளியூர்க்காரர்கள் அதிகம் அறியாத விஷயம் ஒன்று உண்டு. அன்று போர்ட் பிளேயர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் நம் ஊர், ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. வட அந்தமானிலும் வடக்கு சென்டினல் தீவிலும் நேர்மாறாக நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்தன. தெற்கே இந்திரா முனை நாலு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது.

நிலம் ஒரு மீட்டர் இறங்கினால் சிப்பிகாட் போன்ற தாழ்ந்த வயல்வெளிக்கு என்ன ஆகும்? அலை வந்து போய்விடும், ஓதம் போகாது. ஒவ்வொரு ஓதத்துக்கும் கடல்நீர் ஓடை வழியாக ஏறி வயலில் நின்றது. நெல் விளைந்த பல இடங்கள் இன்று நீர்ப்பறவைகள் மேயும் சதுப்பு நிலம்.

வழக்கு என்ன?

என் தங்கை கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் அந்தப் பக்கம் ஓர் ஓடையின் இரு கரையிலும் நிலம். மேற்குக் கரை அண்ணனுக்கு, கிழக்குக் கரை தம்பிக்கு. இருவருக்கும் ஓடைக்கரை நீளம் ஏறத்தாழ 80 மீட்டர். மிஞ்சிய மேட்டு நிலத்தை, யாருக்கு எவ்வளவு போச்சோ அதற்கேற்பப் பகிர்ந்துகொள்வது என்று சில ஆண்டுகளுக்கு முன் பேசி முடித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன நிலத்தை அளப்பது எப்படி? பழைய வரப்பெல்லாம் தண்ணீருக்கடியில்.

கணினி வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த செயற்கைக்கோள் படம் ஒன்று, பின் எடுத்தது ஒன்று, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு வரைபடம் வாங்கினார்கள். "இரண்டு பேருக்கும் இழப்பு கிட்டத்தட்ட சமம்" என்றது அது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கண்ணு முன்னால என் வயல் போச்சு. படம் என்ன சொல்றது?" என்றார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பொறியியல் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த தங்கை மகன் அந்தக் கோப்புகளை என்னிடம் கொண்டுவந்தான். திரையில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினான். ஓடை நகர்ந்தது. கூடவே, மேட்டிலிருந்த பெரிய கட்டடத்தின் கூரையும் நகர்ந்தது, சாலை வளைவும் நகர்ந்தது. "மாமா, கடல் ரோட்டு மேலயும் ஏறிடுச்சா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் விடை இருந்தது. நகராத பொருள் நகர்ந்ததாகத் தெரிந்தால், நகர்ந்தது பொருள் அல்ல, படம்.

புள்ளிக்குள்ளே பார்ப்பது எப்படி?

நாங்கள் பார்த்தவை 'ஆஸ்டர்' என்ற ஜப்பானியக் கருவி எடுத்த படங்கள். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட 'டெர்ரா' என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் அது இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் இப்படங்கள் எல்லோருக்கும் இலவசம். இவற்றில் ஒரு படப்புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 15 மீட்டருக்கு 15 மீட்டர் சதுரம். அச்சதுரத்துக்குள் இருப்பதெல்லாம் கலந்து ஒரே எண்ணாகப் பதிவாகும்.

"15 மீட்டர் சதுரமே ஒரு புள்ளி என்றால், அதற்கும் குறைந்த நகர்வை எப்படி அறிவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இப்படிப் பாருங்கள். அகச்சிவப்புப் படத்தில் நீர் கறுப்பாக இருக்கும், எண் 20 என்று வைப்போம். நிலம் வெளிச்சமாக இருக்கும், 200. கரையோரப் புள்ளி ஒன்றில் 110 இருந்தால் அது பாதி நீர், பாதி நிலம். 92 இருந்தால் நிலம் ஐந்தில் இரண்டு பங்குதான். புள்ளியின் வெளிச்சத்திலேயே பின்னம் ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளியை நம்பினால் ஏமாறுவோம், ஆயிரம் புள்ளிகளைச் சேர்த்துக் கேட்டால் உண்மை வரும்.

நம் முன்னோர் அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, இருபதில் ஒன்றை 'மா' என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை 'முந்திரி' என்றும் சொன்னார்கள். நல்ல படங்களில் இன்றைய மென்பொருள்கள் புள்ளியில் இருமா, ஒருமா, அதாவது பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று வரை நகர்வைக் கண்டுபிடிக்கின்றன. முந்திரி வரை போகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கணக்கு

முதல் படத்தில் ஒரு சிறு சன்னல் அளவு பகுதியை எடுத்துக்கொள்கிறோம். அதை இரண்டாம் படத்தின்மேல் வைத்து, புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் 'எவ்வளவு ஒத்துப்போகிறது' என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது கணினி. எங்கள் படத்தில் கிழக்காக நகர்த்தியபோது வந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்: நகர்த்தாதபோது 80, ஒரு புள்ளி நகர்த்தியபோது 95, இரண்டு புள்ளி நகர்த்தியபோது 90.

உச்சம் ஒரு புள்ளியில் என்று அவசரக்காரர் நிறுத்திவிடுவார். ஆனால் வலப்பக்கம் 90, இடப்பக்கம் 80. உண்மையான சிகரம் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் அல்லவா? மூன்று மதிப்பெண் வழியாகவும் ஒரு பரவளையம் வரைந்து அதன் உச்சியைக் கேட்க வேண்டும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் −10. இரண்டையும் கூட்டி, நடுவின் இருமடங்கைக் கழித்தால் 170 − 190 = −20. அதன் இருமடங்கு −40. −10ஐ −40ஆல் வகுத்தால் 0.25. ஆகவே நகர்வு ஒன்றேகால் புள்ளி. தரையில் 18.75 மீட்டர்.

இதைவிட வேகமான வழியும் உண்டு. ஒரே பாட்டை இரண்டு பேர் பாட, ஒருவர் இம்மி நேரம் பின்தங்கினால், எல்லாச் சுரத்திலும் அந்தத் தாமதம் ஒரே ஒழுங்கில் தெரியும். படத்தையும் ஃபூரியர் முறையில் அலைகளாகப் பிரித்தால், நகர்வு அந்த அலைகளின் கட்ட வேறுபாடாக வெளிப்படுகிறது. 1975இல் குக்லின், ஹைன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட கட்டத் தொடர்பு முறை இதுதான். பையன் 'அரோசிக்ஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டான். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் எழுதப்பட்டு 2017இல் வெளிவந்தது, இதே முறையில்தான் இயங்குகிறது. படத்தில் பல இடங்களைச் சோதித்து, பொருந்தாத விடைகளைத் தானே தள்ளிவிடுகிறது.

விடை யாருக்குச் சாதகம்?

பின்னால் எடுத்த படம் முழுதும் 18.75 மீட்டர் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது. விளைவைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில், ஓடை தம்பி நிலத்துக்குள் அந்த அளவு கூடுதலாகப் புகுந்ததாகத் தெரியும். மேற்குக் கரையில், அண்ணன் இழந்ததில் அதே அளவு மறைந்துபோகும். 80 மீட்டர் கரைக்கு 1500 சதுர மீட்டர், நம்ம ஊர்க் கணக்கில் 37 சென்ட். தம்பிக்கு 37 சென்ட் கூட்டி, அண்ணனுக்கு 37 சென்ட் குறைத்துக் காட்டியிருந்தது அந்த வரைபடம். அண்ணன் கண்ணால் கண்டது சரி. என் தங்கை குடும்பத்துக்குச் சாதகமாக இருந்த 'சமம்' தவறு.

சொல்லாமல் விட்டிருக்கலாம். கோப்பைக் கொண்டுவந்தவன் அந்த வீட்டுப் பிள்ளை. அவன்தான் முதலில், "பெரியப்பா சொன்னதுதான் மாமா கரெக்ட்" என்றான். அதன்பிறகு நான் எப்படி வாய் மூடியிருப்பது? தங்கை ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எச்சரிக்கைகள்

பொருத்திவிட்டால் போதுமா? போதாது. நாங்கள் கற்றுக்கொண்ட நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓதம். இங்கே பெரிய ஓதங்களில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 2 மீட்டர். ஐம்பதுக்கு ஒன்று சரிவுள்ள கரையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் மாறினால் நீர்விளிம்பு 50 மீட்டர் நகரும். ஆகவே இரண்டு படமும் எடுத்த வேளையின் ஓத உயரத்தை இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையில் பார்த்தே ஒப்பிட வேண்டும். 2006இல் மெல்ட்ஸ்னர், கெர்ரி ஸீ முதலிய ஆய்வாளர்கள் அந்தமான் முதல் சுமத்ரா வரை எந்தக் கரை உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைந்தபோதும் ஓதக் கணக்கையே துணையாகக் கொண்டார்கள்.

இரண்டாவது, மேகம். மழைக்காலப் படத்தில் மேகமும் அதன் நிழலும் நகர்ந்து கணக்கைக் கெடுக்கும். அலையும் அப்படியே. பொருத்துவதற்குச் சாலை, கூரை, பாறை போன்ற அசையாப் பொருள்கள் உள்ள நிலப்பகுதியையே எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே பருவத்துப் படமாக இருந்தால் வெயிலின் சாய்வும் ஒத்துப்போகும்.

மூன்றாவது, மலை. கோணம் மாறினால் உயர்ந்த இடம் மட்டும் சாய்ந்து தெரியும். அதை முழுப் படத்தையும் நகர்த்திச் சரிசெய்ய முடியாது, நில உயரக் கணக்கைக் கொண்டுதான் சீர் செய்ய வேண்டும். இன்னொன்று: திருத்தங்களையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, படத்தை ஒரே ஒருமுறை மாற்றி எழுதுங்கள். ஒவ்வொரு முறை மாற்றி எழுதும்போதும் படம் மங்கும்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைய நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயர் தாழ்ந்ததோடு நிற்காமல், பக்கவாட்டிலும் சில மீட்டர் நகர்ந்தது என்று ஜி.பி.எஸ். அளவீடுகள் காட்டின. எங்கள் படங்களில் அது தெரிந்ததா? தெரியாது! வயலும் சாலையும் கூரையும் ஒரே படகில் ஏறியவர்போலச் சேர்ந்து நகர்ந்தன. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொருத்தும்போது அந்தப் பொது நகர்வு பிழையோடு பிழையாகக் கழிந்துவிடுகிறது. படத்துக்குள் நிலையான ஓர் இடம் இருந்தால்தான் நகர்வை அறியலாம். 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது அப்படி அமைந்தது. இதே 15 மீட்டர் ஆஸ்டர் படங்களைப் பொருத்தி, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளப் பிளவின் இருபுறமும் நிலம் சில மீட்டர் வழுகியதை ஆய்வாளர்கள் அளந்துவிட்டார்கள். பிளவின் ஒருபுறத்துக்கு மறுபுறம் சாட்சி.

உங்கள் கையிலும் இருக்கிறது

இது ஏதோ விண்வெளிக்காரர் வித்தை என்று நினைக்க வேண்டாம். ரத்தக்குழாய்ப் படம் எடுக்கும்போது, மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்ததைப் பின் எடுத்ததிலிருந்து கழிக்கிறார்கள். நோயாளி சற்று அசைந்தாலும் முதலில் பொருத்தித்தான் கழிக்க வேண்டும். 2018இல் வந்த கூகுள் பிக்சல் கைப்பேசி ஒன்று, படம் எடுப்பவரின் கைநடுக்கத்தையே பயன்படுத்துகிறது. அடுத்தடுத்து எடுத்த படங்கள் புள்ளியின் பின்னம் அளவு விலகியிருப்பதால், அவற்றைப் பொருத்திச் சேர்த்துக் கூடுதல் நுணுக்கம் காண்கிறது. நம்ம வீட்டுப் பெரியவர்களின் கைநடுக்கமும் வீண் இல்லை!

வழக்கு முடிந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். பொருத்திய பிறகும் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு சந்தேகம் மிஞ்சியது. தரையில் ஒன்றரை மீட்டர், 80 மீட்டர் கரைக்கு 3 சென்ட். அதைக் கணினி தீர்க்காது என்று வெளிப்படையாகச் சொன்னோம். சகோதரர்கள் இருவரும் சங்கிலியோடு போய், தெரிகிற வரப்புகளை அளந்து, பாகத்தை மாற்றி எழுதினார்கள். அந்த 3 சென்டைத் தம்பிக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். அடுத்த பொங்கலுக்கு இரண்டு வீட்டுப் பானையும் ஒரே முற்றத்தில் பொங்கியது.

இந்த மலரை வாசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது இரண்டு படத்தைக் காட்டி "பாருங்கள், மாறிவிட்டது" என்றால், மாறியதாகச் சொல்லும் இடத்தைப் பார்க்காதீர்கள். மாறக்கூடாத இடத்தை முதலில் பாருங்கள். அது நின்ற இடத்தில் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.