ஆசியக் கோப்பைக்குக் கீழே: ஏறவும் இறங்கவும் வழியுள்ள இரண்டு அடுக்குகள்

டெஸ்ட் அந்தஸ்து இல்லாத ஆசிய நாடுகளுக்காக ஆசிய கிரிக்கெட் கவுன்சில் 1996-ல் கோலாலம்பூரில் தொடங்கிய தொடர் ஏசிசி டிராபி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த இந்தத் தொடரின் முதல் இரண்டு கோப்பைகளையும் வென்றது வங்கதேசம். அந்த அணி 2000-ல் டெஸ்ட் அந்தஸ்து பெற்று விடைபெற்ற பிறகு, அதே ஆண்டிலிருந்து 2006 வரை தொடர்ந்து நான்கு முறை ஐக்கிய அரபு அமீரகம் கோப்பையைக் கைப்பற்றியது.

அந்தப் பத்தாண்டுகளும் எல்லா அணிகளும் ஒரே களத்தில்தான் மோதின. பல ஆண்டு அனுபவம் உள்ள அணிகளும், அப்போதுதான் பேட்டைப் பிடிக்கக் கற்ற அணிகளும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. அதன் விளைவு 2006-ல் மலேசியாவில் நடந்த நேபாளம் – மியான்மர் ஆட்டத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. முதலில் ஆடிய மியான்மர் 12.1 ஓவரில் 10 ரன்னுக்கு ஆல் அவுட். நேபாளத்தின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் மெஹ்பூப் ஆலம் 3 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தார். இலக்கை எட்ட நேபாளத்துக்கு இரண்டே பந்துகள் போதுமாக இருந்தன. இப்படியொரு ஆட்டத்தால் இரு தரப்புக்கும் பயனில்லை. தோற்றவர்களுக்கு ஆடிப் பழகும் வாய்ப்பே கிடைக்கவில்லை. வென்ற அணியின் பேட்ஸ்மேன்களில் பெரும்பாலானோர் களத்தில் இறங்கவே இல்லை.

எலைட், சேலஞ்ச்

அடுத்த தொடரிலேயே ஏசிசி டிராபி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேல் பிரிவு எலைட். கீழ்ப் பிரிவு சேலஞ்ச். பத்து அணிகள் ஆடிய முதல் எலைட் தொடர் 2008-ல் மலேசியாவில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் அமீரகத்தை வீழ்த்தி ஹாங்காங் கோப்பையை வென்றது. 2009-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் முதல் சேலஞ்ச் தொடர் நடந்தது.

இரண்டு பிரிவுகளையும் இணைத்தது ஒரு விதி. மேலே கடைசி இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகள் கீழே இறங்க வேண்டும். கீழே இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு அணிகளும் மேலே ஏறும். 2008-ல் கத்தாரும் சவூதி அரேபியாவும் இறங்கின. 2009-ல் ஓமனும் பூடானும் ஏறின. 2010 சேலஞ்ச் தொடரில் சவூதியைத் தோற்கடித்து மாலத்தீவு கோப்பையை வென்றது.

இந்த விதி, ஆட்டங்களின் மதிப்பையே மாற்றிவிடுகிறது. கீழ்ப் பிரிவில் இறுதி ஆட்டத்தைவிட அரையிறுதிதான் நெருக்கடி மிகுந்தது. அதை வென்றாலே மேல் பிரிவில் இடம் உறுதி. அதன் பிறகு நடக்கும் இறுதி ஆட்டம் கோப்பைக்கானது மட்டுமே. மேல் பிரிவிலோ, அரையிறுதி வாய்ப்பை இழந்த அணிகளும் அடுத்த தொடரில் எந்தப் பிரிவில் ஆடுவது என்பதற்காகக் கடைசி நாள்வரை போராட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு ரன்னுக்கும் விலை

பிரிவுக்குள் புள்ளிகள் சமமானால் அணிகளைப் பிரிப்பது நெட் ரன் ரேட். ஓர் அணி ஓவருக்குச் சராசரியாக எடுத்த ரன்னிலிருந்து, அது விட்டுக்கொடுத்த சராசரியைக் கழித்தால் கிடைப்பது இது. ஆல் அவுட் ஆன அணி எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் முழு ஓவர்களும் கணக்கில் கொள்ளப்படும். 50 ஓவரில் 250 ரன் எடுத்த அணியின் சராசரி 5. எதிரணி 40-வது ஓவரில் 200 ரன்னுக்குச் சுருண்டாலும், 50 ஓவர் ஆடியதாகவே கணக்கிட்டு அதன் சராசரி 4 ஆகும். வென்ற அணிக்குக் கிடைப்பது +1. இதனால் தோல்வி உறுதியான பிறகும் கடைசி விக்கெட் ஜோடி முழு ஓவர்களையும் ஆட முயல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. அந்தச் சில ரன்களே தரம் இறங்குவதிலிருந்து அணியைக் காப்பாற்றக்கூடும்.

ஏறி வந்தவர்கள்

2010-ல் குவைத்தில் நடந்த எலைட் தொடரின் இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை வென்ற ஆப்கானிஸ்தான், 2014-ல் முதல் முறையாக ஆசியக் கோப்பையில் ஆடியது. அந்தத் தொடரிலேயே வங்கதேசத்தை அதன் சொந்த மண்ணில் 32 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 2017-ல் டெஸ்ட் அந்தஸ்தும் பெற்றது.

ஓமனின் பாதை இன்னும் நீளமானது. 2004 ஏசிசி டிராபியில் இறுதி ஆட்டம் வரை வந்த அந்த அணி, 2009-ல் கீழ்ப் பிரிவிலிருந்து மீண்டும் ஏற வேண்டியிருந்தது. ஏழே ஆண்டுகளில், 2016 டி20 உலகக் கோப்பையில் அயர்லாந்தை வீழ்த்தியது.

பிரீமியர் கோப்பை, சேலஞ்சர் கோப்பை

இடையில் நின்றுபோன இதே அமைப்பு 2023-ல் புதிய பெயர்களில் திரும்பியது. மேலே பத்து அணிகள் ஆடும் பிரீமியர் கோப்பை. கீழே சேலஞ்சர் கோப்பை. இப்போது மேல் பிரிவின் பரிசு நேரடியாக ஆசியக் கோப்பை வாய்ப்பு. 2023 பிரீமியர் கோப்பை நேபாளத்தில் நடந்தது. கீர்த்திபூரில் மழையால் மறுநாளுக்கு நீண்ட இறுதி ஆட்டத்தில் அமீரகம் 117 ரன்னுக்குச் சுருண்டது. பதின்ம வயது வீரர் குல்சன் ஜா ஆட்டமிழக்காமல் 67 ரன் எடுக்க, நேபாளம் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கே இலங்கையின் பல்லேகலே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 230 ரன் சேர்த்தது.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. ஓமனில் டி20 ஆட்டங்களாக நடந்த 2024 பிரீமியர் கோப்பையில், கத்தாருக்கு எதிராகக் கடைசி ஓவரின் ஆறு பந்துகளையும் நேபாளத்தின் தீபேந்திர சிங் ஐரி சிக்ஸருக்கு விரட்டினார். சர்வதேச டி20-யில் யுவராஜ் சிங், கைரன் பொல்லார்டு ஆகியோருக்குப் பிறகு இதைச் செய்த மூன்றாவது வீரர் அவர். ஆனால் அரையிறுதியில் அமீரகத்திடமும், மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஹாங்காங்கிடமும் நேபாளம் தோற்றது. 2025 ஆசியக் கோப்பைக்கு அமீரகம், ஓமன், ஹாங்காங் சென்றன, நேபாளம் செல்லவில்லை.

கீழ்ப் பிரிவிலும் இதே ஓட்டம்தான். 2023-ல் சேலஞ்சர் கோப்பையை வென்று ஏறிய சவூதி அரேபியா, 2024-ல் மீண்டும் கீழிருந்தே தொடங்கிக் கோப்பையை வென்றது. அதனுடன் ஏறியது கம்போடியா.

இரண்டு அடுக்குகளால் கிடைக்கும் நன்மை இதுதான்: பலம் குறைந்த அணி தனக்கு நிகரான அணிகளுடன் முழு ஆட்டங்களை ஆடித் தேர்கிறது, தேறினால் மேலே போகும் வழியும் அதற்குத் திறந்திருக்கிறது. ஆனால் தொடர்கள் தடைபடாமல் நடந்தால்தான் இது பலன் தரும். 2014-க்கும் 2023-க்கும் இடையே ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுகள் நடந்தன. என்றாலும் சிறிய நாடுகளுக்கு இப்படி முறையாக ஏறி இறங்கும் 50 ஓவர் தொடர் அப்போது இல்லை. கம்போடியா போன்ற புதிய அணிகளுக்கு, ஒருமுறை இறங்கினாலும் மீண்டும் முயல அடுத்த தொடர் எப்போது என்ற உறுதி வேண்டும். அதைத் தருவது ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் கடமை.