மூன்று வரிசையா, நான்கு வரிசையா? புக்கிட் சண்டுவில் நின்ற மலாய்ப் பட்டாலியன்

பாசிர் பாஞ்சாங் பக்கம் போயிருக்கிறீர்களா? பெப்பிஸ் ரோட்டில் மேடு ஏறினால் பழைய காலத்து பங்களா ஒன்று இருக்கும். இப்போது அது ஓர் அரும்பொருளகம். சுற்றிலும் மரங்கள், அமைதி. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி இதே குன்றில்தான் சிங்கப்பூருக்கான கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்தது.

அங்கே நின்றவர்கள், மலாய்ப் படைப்பிரிவின் முதல் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள்.

பட்டாலியன்னா என்ன?

தேசிய சேவை முடித்த அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார். சில நூறு வீரர்கள் சேர்ந்தது ஒரு பட்டாலியன். அதற்குள் ஏ, பி, சி, டி என்று கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் சில பிளட்டூன்கள். புக்கிட் சண்டு குன்றைக் காத்தது சி கம்பெனி.

முதலில் இது வெறும் "சோதனை"

மலாயாவைக் காக்க பிரிட்டிஷார் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த படைகளைத்தான் நம்பினார்கள். உள்ளூர் மலாய் இளைஞர்களால் முழுநேர ராணுவத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற சந்தேகம் அவர்களுக்கு. மலாய் ஆட்சியாளர்கள் தொடர்ந்து வலியுறுத்திய பிறகே, 1933 மார்ச் 1ஆம் தேதி போர்ட் டிக்சனில் பயிற்சி தொடங்கியது. எத்தனை பேருடன் தெரியுமா? வெறும் 25 பேர்! பெயரே "சோதனைக் கம்பெனி".

சோதனை பலித்தது. 1938இல் அது முழு பட்டாலியனாக வளர்ந்தது. 1941 டிசம்பர் தொடக்கத்தில் இரண்டாவது பட்டாலியனும் உருவானது. அடுத்த சில நாள்களிலேயே, டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது.

அந்தக் குன்று ஏன் அவ்வளவு முக்கியம்?

பாசிர் பாஞ்சாங் மேட்டைப் பிடித்தால் அலெக்சாண்ட்ரா பகுதிக்கு வழி திறந்துவிடும். வெடிமருந்துக் கிடங்கு, எண்ணெய்க் கிடங்கு, ராணுவ மருத்துவமனை எல்லாமே அங்கேதான் இருந்தன. அதனால் பிப்ரவரி 13ஆம் தேதி ஜப்பானின் 18ஆவது டிவிஷன் அந்த மேட்டைக் கடுமையாகத் தாக்கியது. சி கம்பெனி பின்வாங்கி புக்கிட் சண்டுவுக்கு வந்தது. குன்றின் பக்கத்தில் பெரிய கால்வாய் ஒன்று. அதில் எண்ணெய் எரிந்தபடி ஓடிக்கொண்டிருந்ததால், அந்த வழியாகப் பின்வாங்க முடியாது.

நடையில் மாட்டிக்கொண்ட எதிரி

மறுநாள் பிற்பகல், பஞ்சாபிப் படையினரின் உடையில் ஒரு கூட்டம் குன்றை நோக்கி வந்தது. நம்ம ஆளுங்கதான் என்று விட்டிருக்கலாம். ஆனால் லெஃப்டினன்ட் அட்னான் சைடிக்குச் சந்தேகம் தட்டியது. பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக அணிவகுப்பார்கள். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக நடந்தார்கள். வேஷம் கலைந்தது. மலாய் வீரர்கள் சுட்டதில் அந்தக் கூட்டம் சிதறியது.

சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர்கள் பெரும்படையுடன் திரும்பி வந்தார்கள். தோட்டா தீர்ந்தவர்கள் துப்பாக்கிக் கத்தியுடன் நேருக்கு நேர் மோதினார்கள். குன்று வீழ்ந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்று, 1933இல் படையில் சேர்ந்த அட்னானும் அங்கே உயிரிழந்தார். போரில் மலாய்ப் படைப்பிரிவு மொத்தம் 159 பேரை இழந்தது.

தோத்துட்டாங்களே, அப்புறம் ஏன் நினைவுகூர வேண்டும்?

நியாயமான கேள்வி. மறுநாள், பிப்ரவரி 15ஆம் தேதி, பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். புக்கிட் சண்டு சண்டை அந்த முடிவை மாற்றவில்லை. ஆனால் 1933இல் 25 இளைஞர்கள் மீது இருந்த சந்தேகத்துக்கு அந்தக் குன்றில் பதில் கிடைத்துவிட்டது. சொந்த மண்ணைக் காக்க உள்ளூர்க்காரர்களால் முடியுமா என்று அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் முழுமைத் தற்காப்பு தினத்தன்று, மாலை 6.20க்குத் தீவெங்கும் எச்சரிக்கை ஒலி கேட்கும். அது, பிரிட்டிஷார் சரணடைந்த நேரம். அடுத்த முறை அந்த ஒலி கேட்கும்போது, அதற்கு முந்தைய நாள் புக்கிட் சண்டுவில் நின்றவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.