ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

சென்ற ஆண்டு எங்கள் கல்யாண நாளுக்குச் சென்னையில் ஒரு பெரிய நட்சத்திர ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். டேபிள் புக் பண்ணும்போதே போனில் விவரமாகச் சொல்லியிருந்தேன்: பதினொரு வயது மகளுக்குச் சீலியாக் நோய், கோதுமை துளியும் ஆகாது. “நோ ப்ராப்ளம் மேடம்” என்றார்கள். அவள் சாப்பிட்டது சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். கோதுமைப் பண்டம் எதையும் தொடவில்லை. இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. வயிற்று வலியும் சோர்வும் அடங்க நான்கு நாள் ஆயிற்று.

மறுநாள் போன் செய்து ஒவ்வொரு பொருளாகக் கேட்டேன். சமையலறையில் ஒருவர் பொறுமையாக டப்பாக்களைத் திருப்பிப் படித்துச் சொன்னார்: ரசத்தில் போட்ட தூள் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது. உருளைக்கிழங்கைப் பொரித்த எண்ணெயில்தான் சமோசாவும் பொரிந்திருந்தது.

சீலியாக்கை எல்லோரும் அலர்ஜி என்கிறார்கள். அது அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம். கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது, ரொட்டி கிடைக்காத அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள்.

எவ்வளவு பட்டால் ஆபத்து? ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கக்கூடாது என்பது உலக அளவுகோல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே வைத்திருக்கிறது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் இருப்பது சுமார் இரண்டு கிராம். அந்தக் கணக்கில் பார்த்தால், ரொட்டி வெட்டிய கத்தியைத் துடைத்துவிட்டுக் காய் நறுக்குவது ஏன் போதாது என்று புரியும். ‘எண்ணெயில் பொரிந்தால் போய்விடும்’ என்று ஒரு சர்வர் எங்களுக்குத் தைரியம் சொன்னார். குளூட்டன் கிருமி அல்ல, சூட்டில் சாவதற்கு.

நம் சமையலைப் போலச் சீலியாக் நோயாளிக்கு வாய்ப்பான சமையல் குறைவு. இட்லி, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாமே அரிசி. ஆனால் பெரிய ஓட்டலின் சமையலறைக்குள் போனால் கதை மாறுகிறது. ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் விழுகிறது. மொறுமொறுப்புக்காக மாவில் ஒரு பிடி ரவை சேர்க்கிறவர்கள் உண்டு. சூப்பும் குழம்பும் கெட்டியாக மைதா. சோயா சாஸைப் புளிக்கவைப்பதே பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான். சில அப்பளங்கள் ஒட்டாமலிருக்க மாவு தூவி வருகின்றன. பெருங்காயமோ கடுமையான பிசின். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவதைத் தூளாக்கவும் காரத்தைத் தணிக்கவும் மாவு சேர்க்கிறார்கள். சில கம்பெனிகளில் அது அரிசி மாவு, சிலவற்றில் கோதுமை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று அது நுழையாத இடமில்லை.

2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்கு மேல் இரத்தத்தில் சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். நம் சமையல்காரர்கள் இதைக் கேள்விப்படாமல் இருப்பதில் வியப்பில்லை. இத்தாலியில் 2005-இல் சீலியாக் நோயாளிகளுக்கென்றே சட்டம் வந்தது. உணவகக்காரர்களுக்கான பயிற்சியும் அதில் அடக்கம். இங்கே 2022 முதல் பெரிய சங்கிலி உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதற்குச் சமைக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டுமே.

அதனால் இப்போது சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்கிறேன். மதியக் கூட்டம் ஓய்ந்து, செஃப் பேசக் கிடைக்கும் நேரம் அது. “குளூட்டன் ஃப்ரீ இருக்கிறதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் ‘இருக்கு’ என்கிறார்கள். “உங்கள் பெருங்காயத்தில் என்ன மாவு?” என்று கேட்கிறேன். உடனே ‘நோ ப்ராப்ளம்’ என்றால் அங்கே போவதில்லை. “டப்பாவைப் பார்த்துச் சொல்றேம்மா” என்கிறவரை நம்பலாம்.

அப்படிச் சொன்ன ஒருவரின் உணவகத்துக்கு ஒரு வியாழக்கிழமை போனோம். நல்ல விலையுள்ள இடம்தான். செஃப் மேசைக்கே வந்து மகளிடம் நேராகப் பேசினார். “பாப்பா, ஆப்பச்சட்டி தனியா எடுத்து வச்சிருக்கேன். தேங்காய்ப்பால் நானே பிழிஞ்சேன். மீனைப் புது எண்ணெயில வறுத்துத் தர்றேன். சாம்பாரும் ரசமும் மட்டும் இன்னிக்கு வேண்டாம், அந்தப் பெருங்காயத்துல கோதுமை இருக்கு.” முடியாததை முதலிலேயே சொன்ன அந்த வாக்கியத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. மூன்று ஆப்பம் சாப்பிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த மாதம் மறுபடி போனபோது அவர் பெருங்காயமே இல்லாமல், பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ஒரு சின்னச் சட்டியில் ரசம் வைத்திருந்தார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டாள்.