குச்சியாற் கொண்டை முடித்தல்

கூந்தலை முடிக்கும் வகையினை ஐந்தாகப் பகுத்து ஐம்பால் என வழங்கினர் நம் முன்னோர். முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்பன அவை. இவற்றுள் கொண்டையொன்றே இவ்வியாசத்திற்குரியது. அதனுள்ளும், நாடாவும் வளைந்த ஊசியும் இன்றி ஒற்றைக் குச்சியினாலேயே நிலைபெறுங் கொண்டையை ஈண்டு விளக்கப் புகுந்தோம். நம் பாட்டிமார் கூந்தலை அள்ளி, அதனைக்கொண்டே அதனை முடிந்துகொண்டனர். அவர்க்குக் குச்சி வேண்டியிருந்ததில்லை. ஆதலின் இது நமக்குத் தாய்வழியாக வந்த கலையன்று. ஆயினும் இந்நாளில் நூல்நிலையத்திலும் இரசாயனச் சோதனைச்சாலையிலும், மாணவியர் சிலர் கையிலுள்ள பென்சிலையே தலையிற் செருகி நீண்ட கூந்தலை ஒரு நொடியில் அடக்கிவிடுவதைக் காண்கின்றோம். அயலிலிருப்பவள் அதனைக் கண்டு தானும் முயல்கின்றாள். பத்தடி நடக்குமுன் பென்சில் தரையில் வீழ்கின்றது. தன் கூந்தல் வழுக்கும் இயல்பினதென்று கூந்தலின்மேற் பழியையேற்றி அம்முயற்சியை விட்டொழிகின்றாள்.

கூந்தலின்மேற் பழியில்லை. பிழை யாதெனின், குச்சியானது கொண்டையைக் குத்தி நிறுத்துகின்றது என்னும் எண்ணமே. பழத்திற் கத்தியைப் பாய்ச்சுவதுபோலக் கொண்டையின் நடுவே ஒரு குச்சியைப் பாய்ச்சினால், மயிர்கள் விலகி வழிவிடுமேயன்றிப் பற்றுவதில்லை. நுழைந்த வழியே அது திரும்பவும் வெளிப்படும். கொண்டையை நிறுத்துவது குத்துதலன்று, திருப்புதலேயாம். இவ்வொன்றனை உணர்ந்தார்க்கு எஞ்சியவை யெல்லாம் விரற்பழக்கமே.

முறையினைக் கூறுவோம். கூந்தல் தோளுக்குக் கீழே ஒரு சாணேனும் தாழ்ந்திருத்தல் நன்று. நன்றாகச் சீவி, பிடரிக்குச் சிறிது மேலே, காதுகளின் உச்சிக்கு நேராகத் திரட்டி, அடியை இடக்கையாற் பற்றுக. வலக்கையினால் கூந்தல் முழுவதையும் ஒரே பக்கமாக முறுக்குக. முறுக்கு ஏற ஏறக் கூந்தல் கயிறுபோலாகித் தானே வளைந்து சுருள முற்படும். அவ்வாறு சுருளத் தொடங்கிய பின்னரே, முறுக்கிய பக்கமாகவே, அடியைச் சூழச் சுற்றுதல் வேண்டும். மாறாகச் சுற்றினால் சுற்றச் சுற்ற முறுக்கு அவிழ்ந்துபோம். எஞ்சிய நுனியைச் சுருளின் கீழே ஒதுக்கி, கொண்டை முழுவதையும் இடவுள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொள்க.

இனிக் குச்சி. அதன் கூர்நுனி கொண்டையின் நடுவை நோக்காது புறத்தை நோக்கியிருக்குமாறு வலக்கையில் ஏந்துக. கொண்டையின் வலவிளிம்பில், வெளிச்சுருளின் மயிரிற் சிறிதளவே அந்நுனி கோத்தெடுக்கட்டும். கோத்த நுனியைத் தலையின் தோல்மட்டும் தாழ்த்தி, அங்கே தலையோடு படிந்து கிடக்கும் மயிரிலும் ஒரு சிறு பங்கைப் பற்றச் செய்க. இந்நிலையிற் குச்சி ஏறக்குறைய நட்டுவைத்த கம்பம்போல நிற்கும். இதன்மேல் வருவதே இக்கலையின் உயிர்நிலை. குச்சியின் தலைப்பைப் புறமாகச் சாய்த்து முற்றும் புரட்டுக. புறத்தை நோக்கியிருந்த நுனி இப்பொழுது கொண்டையின் நடுவை நோக்கும். புரட்டுங்கால் கோத்த மயிர் இறுகுவதை விரல் உணரும். இறுகாவிடின் போதிய மயிரைப் பற்றவில்லையென்றறிந்து மறுபடியுந் தொடங்குக. இறுகியதாயின், தலையை ஒட்டியே, கொண்டையின் அடியிற் குச்சியைச் செலுத்தி, இடவிளிம்பின் வெளிச்சுருளையும் சிறிது கோத்து நுனியை வெளிக்கொணர்க. முடிந்த பின் பார்த்தால், குச்சியானது ஒரு விளிம்பின்மேலும், நடுவிற் கீழும், மறு விளிம்பின்மேலுமாக, பாய் முடைவோர் கோரையைச் செலுத்துமாப்போலே சென்றிருக்கக் காணலாம்.

கற்பார் கண்ணாடியின் முன் நிற்றலைத் தவிர்ப்பாராக. கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டிக் கையைக் குழப்புமேயன்றித் துணைசெய்யாது. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனிகளையே நம்புவோர் விரைவிற் கற்பர். முதல் நாட்களிற் கைகள் சோரும். அது கொண்டையைப் பற்றிய கவலையால் தோள்களை வேண்டாத அளவிற்கு உயர்த்துவதனால் விளைவது. முடித்தபின் தலையை இருபுறமும் அசைத்துப் பார்க்க. அசையாது நின்று, எவ்விடத்தும் நோவு தோன்றாதிருப்பின் வேலை முடிந்தது. நோவு தோன்றின் தலைமயிரை மிகுதியாகப் பற்றிவிட்டதென்பது பொருள். பொறுத்துக்கொள்ளாமல் அவிழ்த்துவிடுதல் வேண்டும். மயிர்க்கால்களை நெடுநாள் இடைவிடாது இழுத்துக்கொண்டிருப்பின் அவ்விடத்தில் மயிருதிர்தல் நேருமென்று வைத்தியர் கூறுவர். இது குச்சிக்கேயன்றி இறுகப் பின்னிய சடைக்கும் ஒக்கும்.

இத்துணைச் சிறிய கோல் அத்துணைக் கூந்தலைத் தாங்குவதெங்ஙனம்? முறுக்கிய கூந்தல் அவிழவே முயல்கின்றது. அவ்வாறு அவிழ முயலுந்தோறும் சுருள்கள் விரிந்து குச்சியின்மேல் அழுந்துகின்றன. அவிழ்க்க வந்த விசையே அவிழாமற் காக்குங் காவலாகின்றது. மேலும் உராய்வின் இயல்பொன்று உளது. கட்டுத்தறியிற் கயிற்றை மூன்று நான்கு முறை சுற்றிவிட்டால், மறுமுனையில் இழுக்கும் எருதினை ஒரு சிறுவன் பிடித்து நிறுத்தக் காண்கின்றோம். சுற்று ஒவ்வொன்று கூடுந்தோறும் பிடிப்பு கூட்டலாக வளராமற் பெருக்கலாக வளர்வதே காரணம். 18-ஆம் நூற்றாண்டினரான ஆய்லர் என்னும் கணித வல்லுநரின் பெயரால் அச்சூத்திரம் இன்றும் வழங்குகின்றது. மனிதர் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள. குச்சி அவற்றுட் பல்லாயிரத்தின்மேற் பாரத்தைப் பகிர்ந்துவிடுகின்றது. இரப்பர் வளையமோ ஓரிடத்தையே நெரிக்கின்றது. பூதக்கண்ணாடியினும் நுண்ணிய கருவிகொண்டு நோக்கின், மயிரின் மேற்புறம் கூரையோடுகள்போல ஒன்றன்மேலொன்று படிந்த செதில்களாற் போர்த்தப்பட்டிருப்பது விளங்கும். அவை நுனியை நோக்கிச் சாய்ந்தவை. எண்ணெய் மிகுந்தால் இச்செதில்களின் பற்று குறையும். ஆதலின் எண்ணெய் தோய்ந்த கூந்தலினும், முன்னாள் முழுகி உலர்ந்த கூந்தலே கற்பார்க்கு ஏற்றது.

குச்சி மரமாயினும் எலும்பாயினும் கொம்பாயினும் ஆகுக. கொண்டையின் அகலத்தினும் இருபுறமும் ஓரங்குலம் மிகுந்திருத்தல் போதும்; பெரும்பாலார்க்கு 5 முதல் 7 அங்குலம் ஆகும். நுனி ஒடுங்கியதாயினும் மழுங்கியிருத்தல் வேண்டும். பளபளவென்று மெருகிட்ட உலோகம் அழகியதே, கற்பார்க்கு ஆகாது. அறுபட்டைப் பென்சில் எளிதில் நிற்பதற்கு அதன் விளிம்புகளே காரணம். சித்திரங்களிற் காணும்படி இரண்டு குச்சிகளைக் குறுக்கே செருகுவோருமுளர். முதற்குச்சி செவ்வையாக நின்றால் இரண்டாவது அணி. நில்லாவிடின் இரண்டாவதும் அதனோடு வீழும்.

இக்கலை பெருவாழ்வு வாழ்ந்த நாடு சீனம். ஹெனான் மாகாணத்து அன்யாங் நகரருகே, ஷாங் மரபின் அரசனாகிய வூ திங்கின் தேவியருள் ஒருத்தியான ஃபூ ஹாவோவின் கல்லறை 1976-இல், கள்வர் கைபடாத நிலையில் அகழ்ந்து காணப்பட்டது. அவள் கி.மு. 1200-ஐ யொட்டி வாழ்ந்தவள். படைநடத்திச் சென்றவளென்று அக்காலத்து எலும்பெழுத்துக்கள் கூறுகின்றன. வெண்கலக் கலங்களோடும் பச்சைக்கல் அணிகளோடும் அவளுடன் புதைக்கப்பட்டிருந்த எலும்புக் கூந்தற்குச்சிகள் ஏறக்குறைய 500. ஒற்றைக்காற் குச்சியை முற்காலத்தில் ஜீ என்றும் பிற்காலத்தில் ட்ஸான் என்றும், இரட்டைக்காலுடையதனைச் சாய் என்றும் அந்நாட்டினர் வழங்கினர். பழைய சடங்கு நூலின்படி, பெண் 15-ஆம் ஆண்டிற் கூந்தலை உயர்த்திக் குச்சி செருகப்பெறுவாள். அதுமுதல் அவள் மணத்திற்குரியவள். பதினைந்து வயதை எய்தினாள் என்பதற்கு, குச்சியை எய்தினாள் என்பதே அம்மொழியின் இலக்கிய வழக்கு.

குச்சி பெண்டிர்க்கே உரியதாயிருந்ததுமன்று. ஆடவரும் உச்சியிற் குடுமி திரட்டி, அதனையும் அதன்மேற் கவித்த முடியணியையும் ஊடுருவிச் செல்லுமாறு ஒரு குச்சியைச் செருகினர். கி.பி. 757-இல், கலகக்காரர் கைப்பட்ட தலைநகரில் அகப்பட்டிருந்த தூ ஃபூ என்னும் பெரும்புலவர், நாட்டின் அழிவையும் குடும்பத்தின் பிரிவையும் பாடிய சிறு கவியினை, நரைத்த தன் தலைமயிர் குச்சியையும் தாங்காதவாறு அருகிவிட்டமையைக் கூறி முடித்தார். மேலே நாம் உரைத்த பொறிமுறையை அறிந்தவர்க்கு இது வெற்று முதுமைப் புலம்பலாகத் தோன்றாது. பற்றுதற்கு மயிரில்லாதபோது குச்சி வீழும். குச்சி வீழின், பதவிக்குரிய முடியணியும் தலையில் நில்லாது.

அப்புலவர் காலத்திற்குப் பன்னெடுநாட் பின்னர் அக்குடுமிக்கே கேடு வந்தது. 1644-இல் பெய்ஜிங்கைக் கைக்கொண்ட மஞ்சூரியர், மறு ஆண்டில், ஆடவரெல்லாரும் முன்தலையை மழித்துப் பின்மயிரைச் சடையாகத் தொங்கவிடுதல் வேண்டுமென்று ஆணையிட்டனர். மறுத்தார்க்குத் தண்டனை மரணம். தாய்தந்தையர் தந்த உடலுக்கு ஊறுசெய்தலாகாதென்று பயின்ற மக்கள் இதனை எளிதில் ஏற்றிலர். ஜியாங்யின் என்னும் ஊர் 81 நாட்கள் எதிர்த்து நின்று அழிந்தது. முன்தலை மழித்துச் சடை தொங்கவிட்டவிடத்துச் சுருளுமில்லை; சுருளின்றேல் குச்சிக்கு வேலையுமில்லை. இவ்வாறு ஆயிரமாயிரமாண்டுப் பழக்கமொன்று ஆடவர் தலையினின்று நீங்கியது. ஆணை பெண்டிரைத் தொடவில்லை; தாவோ சமயத்துக் குருமாருக்கும் விலக்கிருந்தது. வூதாங் மலைக்குச் செல்வோர் அக்குருமாரிற் பலர் உச்சிக்குடுமியிற் குச்சி செருகியிருப்பதை இன்றுங் காணலாம்.

குச்சியினால் முடியாததும் ஒன்றுண்டு. அதனை உலகிற்கு எடுத்துக்காட்டியவர் பண்டிதரல்லர், முடிதிருத்துந் தொழிலுடைய ஒரு மாது. பவுலின் பெயராலும் பேதுருவின் பெயராலும் வழங்கும் நிருபங்களில் மயிரைப் பின்னி அலங்கரித்தலைக்குறித்த எச்சரிக்கை வருவதை நம் வாசகர் அறிவர். அந்நூற்றாண்டிலும் அடுத்துவந்த நூற்றாண்டுகளிலும் செதுக்கப்பட்ட ரோமச் சீமாட்டியரின் சிலைகளிற் பின்னல்மேற் பின்னலாக உயர்ந்த கொண்டைகள் உள. அவற்றை ஒற்றைக் குச்சிகளே தாங்கின என்றும், அன்றேல் அவை பொய்ம்மயிர் என்றும் கற்றோர் பலர் எழுதிவந்தனர். அமெரிக்காவிலுள்ள பால்ட்டிமோர் நகரத்து ஜேனட் ஸ்டீவன்ஸ், 2001-இல் அந்நகரின் வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் ஜூலியா தோம்னா என்னும் அரசியின் சிலையைக் கண்டார். அவ்வமைப்பை உயிருள்ள தலையில் முடித்துப் பார்க்க முயன்றார். குச்சிகள் தாங்கவில்லை. சுற்றிய சுருளைக் குச்சி நிறுத்தும். படிந்து கிடக்கும் பின்னலை அதனால் நிறுத்தவியலாது. பின்னர் இலத்தீன் நூல்களை ஆராய்ந்தபோது, கூந்தற்குச்சியென்று பெயர்த்துவந்த ஆக்குஸ் என்னுஞ் சொல் தையலூசிக்கும் பெயராதலைக் கண்டார். ஊசியும் நூலுங்கொண்டு பின்னல்களைத் தைத்தார்; கொண்டை நின்றது. அவ்வாராய்ச்சி 2008-இல் ரோமத் தொல்பொருளாராய்ச்சிக்குரிய பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அக்கலைக்கூடத்தார் அச்சிலையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், காண்போர் சுற்றிவந்து பின்தலையையும் நோக்குமாறு நிறுத்தியிருந்தனர்.