உங்களுக்குத் தெரியுமா? தீக்கு மேட்டில்தான் வேகம்

சேந்தமங்கலம் கடைவீதியிலிருந்து கிழக்கே பார்த்தால் கொல்லிமலை மதில் போல நிற்கும். மாசி, பங்குனியில் சில இரவுகளில் அந்த மதிலில் செந்நிறக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஏறும். வெளியூர்க்காரர் செல்போனை எடுப்பார். உள்ளூர்க்காரருக்கு வயிற்றில் புளி கரையும். அந்தக் கோட்டைப் பற்றிய சில சங்கதிகள் இவை.

கொல்லிமலை முழுவதும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே சோலையும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், காபித் தோட்டமும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்தெல்லாம் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே உள்ள இலையுதிர் காட்டில்தான். மார்கழியோடு மழை ஓய்கிறது, தையில் புல் காய்கிறது, மாசியில் இலை கொட்டுகிறது. போதாக்குறைக்குச் சேந்தமங்கலத்தைப் பார்த்த மேற்குச் சரிவில் பிற்பகல் வெயில் நேராக விழும்.

'மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிச்சிருக்கும்.' காட்டுத்தீ என்றதும் டீக்கடையில் முதலில் வரும் விளக்கம் இது. சங்கப் புலவர்களும் மூங்கில் தீயைப் பாடியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் 95 விழுக்காட்டுக்கு மேல் மனிதர் வைத்ததோ, மனிதர் கவனக்குறைவால் வந்ததோதான். அணைக்காத பீடி, மலைச்சாலை வளைவோரம் மூட்டிய சமையல் அடுப்பு, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, வரப்பைச் சுத்தம் செய்யப் போட்ட நெருப்பு. மூங்கிலைப் பாவம் விட்டுவிடலாம்.

தண்ணீருக்குப் பள்ளம், தீக்கு மேடு. சரிவு 10 பாகை கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பாகை என்றால் நான்கு மடங்கு. மேலே இருக்கும் புல்லைக் கீழிருந்து வரும் வெக்கை முன்கூட்டியே உலர்த்திவிடுவதுதான் காரணம். அதனால் தீ துரத்தும்போது மலை மேல் ஓடுவது அதனோடு பந்தயம் கட்டுவது போல. ஜெயிப்பது தீதான்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு மிகக் கொடிய விலை கொடுத்துப் படித்தது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் தீயில் சிக்கினார்கள். ஆளுயரக் காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, காற்று. அன்றும், பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. கோடையில் பாதைகளை மூடினால் முணுமுணுக்கிறவர்கள் இந்தத் தேதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? தீயின் முகப்பை விட்டு விலகிப் பக்கவாட்டில், கூடுமானவரை கீழ்நோக்கி நகர வேண்டும். பாறைத்தரை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் மூன்றுமே புகலிடம். எரிந்த இடம் மறுபடி எரிய அங்கே ஒன்றும் இருக்காது. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், 16 தீயணைப்பு வீரர்களைப் புல் தீ துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தனக்கு முன்னால் இருந்த புல்லில் தானே தீ வைத்து, அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ, மற்றவர்கள் ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள்.

மலைக்குப் போகும்போது பருத்தி உடுத்துங்கள். நைலான், பாலியஸ்டர் உடைகள் வெக்கையில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கை கொடுக்கிறது. பெயரைப் பதிந்துகொண்டால் நமக்கும் குறுஞ்செய்தி வரும். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்துக்கு மேல் ஒரு நாளைக்குச் சில முறைதான் வருகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஒரு சரிவே எரிந்து முடிந்துவிடலாம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஆடு மேய்ப்பவர் கண்ணுக்குப் புகை தெரிந்துவிட்டால், அவர் செயற்கைக்கோளை முந்திவிடுவார்.

கோடைக்கு முன்பு காட்டுக்குள் புல், சருகு நீக்கிச் செதுக்கிய நீளப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை தீத்தடுப்புக் கோடுகள். தரையில் ஊரும் தீ அங்கே வந்து இரையில்லாமல் நிற்கும். காற்றில் பறக்கும் கங்குக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. இருந்தும் அது வீண் வேலையல்ல: அங்கே நின்றுதான் வனப் பணியாளர்கள் பச்சைத் தழையால் தீயை அடிக்கிறார்கள், தேவைப்பட்டால் எதிர்த்தீ வைக்கிறார்கள். கோட்டைத் தையிலேயே செதுக்கியிருக்க வேண்டும். பங்குனியில் செதுக்கினால் கூலிச் செலவுதான் மிச்சம்.

காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் 21ஆம் பிரிவின்படி குற்றம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்; இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது.

தீ என்றாலே குற்றம் என்ற அந்தச் சட்ட மனப்பான்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடைத் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைப்பது வழக்கம். அதற்குப் பெயர் 'தரகு பெங்கி'. தழல் உயரமாக எழாது. காடு சரணாலயமானதும் அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்கிறார்கள் சோலிகர்கள். ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். அழகுச்செடியாகக் கப்பலேறி வந்த அந்த உண்ணி, காய்ந்தால் தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணி. கொல்லிமலையிலும் அது புதராக மண்டிக்கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் தீ வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தீ எப்போது நல்லது என்று மலைவாழ் மக்களிடம் கேட்காமலே நூறாண்டுக்கு மேல் ஓட்டிவிட்டோம் என்கிறேன்.

உத்தராகண்டின் அல்மோரா மாவட்டத்து ஷீத்லாகேத் பகுதி ஊர்கள் கேட்டுப் பேசி ஒரு வழி கண்டன. வயலோரக் குப்பை, களைகளை எரிப்பதென்றால் மார்ச் 31க்குள் முடித்துவிட வேண்டும். அந்த எரிப்புக்கு அங்கே 'ஓண்' என்று பெயர்; ஏப்ரல் 1 'ஓண் நாள்'. உச்சிக் கோடை தொடங்குமுன் எரிப்பு வேலை முடிந்துவிடுகிறது. நம் பக்கம் கோடை முந்தி வருவதால் தை கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கொல்லைகளைக் காட்டை ஒட்டி வைத்திருக்கும் ஊர்கள் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் தழல் தொட்டு எரிவதில்லை. முன்னால் பறந்து வரும் கங்கு விழுந்துதான் எரிகின்றன. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூர் அப்படித்தான் எரிந்தது. இறந்தவர்கள் 85 பேர். வெளியேறும் சாலைகளில் கார்கள் தேங்கி நின்றன. 70 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையை வைத்திருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. வீட்டைச் சுற்றி 5 அடிக்குள் விறகு, வைக்கோல் எதுவும் வேண்டாம். 30 அடி வரை சருகைக் கூட்டிவிடுங்கள். கூரை மேல் சேர்ந்த இலையைத் தள்ளிவிடுங்கள். கூரைவீடு என்றால் தண்ணீர்த்தொட்டி நிரம்பியிருக்கட்டும்.

அணைந்த தீயை நம்பாதீர்கள். பட்ட மரத்துக்குள்ளும் வேரிலும் நாட்கணக்கில் கனன்று, காற்று வீசும் பிற்பகலில் மறுபடி தலைதூக்கும். தொட்டால் சூடு தெரியாத நிலை வரும் வரை தண்ணீரோ மண்ணோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. காரவள்ளியிலிருந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறதே, படம் எடுத்துப் போட மட்டும் அல்ல அது. புகையைக் கண்டால் 112க்கோ 101க்கோ அழைத்து, எத்தனையாவது வளைவு, புகை சாலைக்கு மேலே தெரிகிறதா கீழே தெரிகிறதா என்று சொல்லுங்கள். 'கொல்லிமலையில் தீ' என்று மட்டும் சொன்னால், வருகிறவர்கள் 70 வளைவும் தேட வேண்டியிருக்கும்.